சுருங்கினது மூளையா... சாஃப்ட்வேரா?

புராஜெக்ட்டுக்காக உங்க கையில ஒரு ஹார்டு டிஸ்க் வந்து சேருது. உள்ளே நூறு முதியவர்களோட மூளை! ஆளுக்கு ரெண்டு எம்.ஆர்.ஐ. ஸ்கேன். ரெண்டுக்கும் நடுவுல ஒரு வருஷ இடைவெளி. பாதிப் பேர் அல்சைமர் நோயாளிகள், மீதிப் பேர் ஆரோக்கியமானவங்க. சாஃப்ட்வேரை ஓட விடறீங்க. ராத்திரி பகலா கம்ப்யூட்டர் உறுமுது. கடைசியில ரிசல்ட் வருது. நூறு பேருக்கும் மூளை சுருங்கியிருக்கு. நோயாளிக்கும் சுருங்கியிருக்கு, நோயே இல்லாதவருக்கும் சுருங்கியிருக்கு. அதுவும் மூணு மூணு சதவிகிதம்!

'சார், கண்டுபிடிச்சுட்டேன்!'னு கைடு ரூமுக்கு ஓடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் உட்காருங்க. ஆரோக்கியமான ஒரு முதியவருக்கு ஒரு வருஷத்துல குறையற மொத்த மூளை அளவு, ஏறக்குறைய அரை சதவிகிதம்தான். அப்படின்னா உங்க ரிசல்ட்ல மீதி இருக்கிற ரெண்டரை சதவிகிதம் எங்கிருந்து வந்துச்சு?

பயோ மெடிக்கல், சைக்காலஜி, கம்ப்யூட்டர் சயின்ஸ்னு பல டிபார்ட்மென்ட் பசங்களும் இப்ப மூளை ஸ்கேன்ல கை வைக்கிறாங்க. அதுல ரொம்பப் பேர் முட்டி நிக்கிற இடம் இதுதான். ரெண்டு ஸ்கேனுக்கு நடுவுல ஒரு மாற்றம் தெரிஞ்சா, அது மூளையில நடந்ததா, இல்லை அளந்த விதத்துல நடந்ததா? போலீஸ்காரர் மாதிரி முதல்ல வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஆளைத்தான் சந்தேகப்படணும். அதாவது, உங்க மெஷினை, உங்க சாஃப்ட்வேரை!

டாக்ஸி டிரைவரும் ஒரு சந்தேகமும்

ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் பண்ணணும்னு எதுக்கு இவ்வளவு மெனக்கெடறாங்க? லண்டன் டாக்ஸி டிரைவர்களைக் கேட்டா தெரியும். அந்த ஊர்ல டாக்ஸி லைசென்ஸ் வாங்கணும்னா சுமார் 25 ஆயிரம் தெருக்களை மனப்பாடமா வெச்சிருக்கணும். படிச்சு முடிக்க மூணு, நாலு வருஷம் ஆகும். எலினார் மக்வாயர் என்கிற விஞ்ஞானி 2000-ல் 16 டாக்ஸி டிரைவர்களோட மூளையை ஸ்கேன் பண்ணிப் பார்த்தார். ஞாபகத்துக்கும் வழி கண்டுபிடிக்கிறதுக்கும் உதவுற ஹிப்போகாம்பஸ் இருக்கே, அதோட பின்பகுதி அவங்களுக்கு மத்தவங்களைவிடப் பெரிசா இருந்துச்சு. உலகமே ஆச்சரியப்பட்டது. 2003-ல் சிரிக்க வெச்சு சிந்திக்க வைக்கிற இக்நோபல் பரிசும் கிடைச்சுது.

ஆனா, குறுக்குக் கேள்வி ஒண்ணு உடனே வந்தது. தெருத் தெருவா படிச்சதால மூளை வளர்ந்துச்சா, இல்லை பிறவியிலேயே அந்தப் பகுதி பெரிசா இருக்கிறவங்கதான் டாக்ஸி டிரைவர் ஆகிறாங்களா? ஒரே ஒரு ஸ்கேனை வெச்சுக்கிட்டு இதுக்குப் பதில் சொல்ல முடியாது. அதனால மக்வாயரும் கேத்தரின் வூலெட்டும் பயிற்சிக்குச் சேர்ந்த 79 பேரைப் படிப்பு ஆரம்பிக்கும்போதே ஸ்கேன் பண்ணி வெச்சாங்க. சில வருஷம் கழிச்சுத் திரும்ப எடுத்தாங்க. பாஸ் பண்ணின 39 பேர் வந்தாங்க, பாஸ் பண்ணாத 20 பேரும் வந்தாங்க. கூடவே டாக்ஸி பக்கமே போகாத 31 பேர். 2011-ல் ரிசல்ட் வெளியாச்சு. ஆரம்பத்துல எல்லார் மூளையும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கு. பாஸ் பண்ணினவங்களுக்கு மட்டும்தான் அந்தப் பகுதி வளர்ந்திருந்தது!

ஒரே ஆளை இடைவெளி விட்டுத் திரும்பப் பார்க்கிற இந்த மாதிரித் தொடர் ஆய்வைத்தான் 'லாங்கிட்யூடினல் ஸ்டடி'ங்கிறாங்க. பலம் எவ்வளவோ, பயமும் அவ்வளவு. ஏன்னா, இதுல நாம தேடற மாற்றம் ரொம்ப ரொம்பச் சின்னது.

எவ்வளவு சின்னது? ஒரு பக்க ஹிப்போகாம்பஸ் சுமார் 3 கன சென்டிமீட்டர்னு வெச்சுக்குவோம். பல ஆய்வுகளைத் திரட்டி 2009-ல் போட்ட ஒரு கணக்குப்படி, ஆரோக்கியமான முதியவருக்கு அது வருஷத்துக்கு 1.41 சதவிகிதம் குறையுது. அல்சைமர் நோயாளிக்கு 4.66 சதவிகிதம். இப்ப பெருக்கிப் பாருங்க. முதல் ஆளுக்கு 42 கன மில்லிமீட்டர், அடுத்தவருக்கு 140. ஆஸ்பத்திரியில டிரிப்ஸ் ஏத்தும்போது ஒரு மில்லிக்கு 20 சொட்டுனு கணக்கு வெப்பாங்க இல்லையா? ஒரு சொட்டுங்கிறது 50 கன மில்லிமீட்டர். ஆக, ஆரோக்கியமான ஒருத்தரோட ஒரு வருஷ முதுமை ஒரு சொட்டுத் தண்ணிகூட இல்லை. நோய் என்பது மூணு சொட்டுக்கும் கொஞ்சம் கம்மி. ஸ்கேன்ல ஒரு புள்ளி பொதுவா ஒரு மில்லிமீட்டர் கனசதுரம். அதாவது நாம நாற்பத்திரண்டு புள்ளிகளைத் தொலைச்சவங்களைத் தேடிக்கிட்டு இருக்கோம்!

ரெண்டு சொட்டு வித்தியாசத்தைக் கெடுக்க எது வேணும்னாலும் போதும்.

முதல்ல கண்ணால பாருங்க பாஸ்!

ரிசல்ட் ஷீட்டை மூடிட்டு ஸ்கேன் படங்களைத் திறங்க. ஒவ்வொண்ணா. நூறு பேர், இருநூறு படம். போரடிக்கும்தான். ஆனா, இதைச் செய்யாம அடுத்த ஸ்டெப் போறவங்க பாதிப் பிரச்னையைப் பார்க்காமலேயே போயிடறாங்க.

முதல் வில்லன், தலை ஆட்டம். ஸ்கேனர் குழாய்க்குள்ள அஞ்சு நிமிஷம் அசையாம படுக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியோட தொடர்புள்ள மார்ட்டின் ராய்ட்டர் குழு 2015-ல் ஒரு வேலை செஞ்சுது. 12 பேரைப் படுக்க வெச்சு, அசையாம ஒரு தடவை, தலையை மேலும் கீழும் ஆட்டச் சொல்லி ஒரு தடவை, 'இல்லை இல்லை'னு ஆட்டச் சொல்லி ஒரு தடவைன்னு ஸ்கேன் எடுத்தாங்க. ஒரே ஆள், ஒரே நாள். ஆனா தலை ஆடின ஸ்கேன்ல மூளையோட சாம்பல் பகுதி குறைவா அளவாச்சு. 'படம் ஓகே'னு தர சோதனையில பாஸ் ஆன ஸ்கேன்லகூட இந்தக் கோளாறு இருந்துச்சுங்கிறதுதான் வயித்துல புளியைக் கரைக்கிற விஷயம்.

இதைத் தொடர் ஆய்வுல பொருத்திப் பாருங்க. நோய் முத்த முத்த நோயாளிக்கு அசையாம படுக்கிறது கஷ்டமாகும். ரெண்டாவது ஸ்கேன்ல அதிகமா ஆடுவார். சுருங்காத இடமும் சுருங்கின மாதிரி தெரியும். குழந்தைகள்கிட்ட இதுவே தலைகீழ். வயசு ஏற ஏற சமர்த்தா படுப்பாங்க, நிஜமா நடக்கிற மாற்றத்துல கொஞ்சம் மறைஞ்சு போகும். ஆட்டம் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருந்தா கவலையில்லை. நாம தேடற விஷயத்தோட கைகோத்துக்கிட்டு வர்றதுதான் ஆபத்து.

அடுத்தது தாகம். சிரிக்காதீங்க! 2005-ல் வந்த ஒரு ஆய்வுல, ஆரோக்கியமானவங்களை 16 மணி நேரம் தண்ணி குடிக்க விடாம ஸ்கேன் எடுத்தாங்க. மூளை 0.55 சதவிகிதம் குறைஞ்சிருந்தது. தண்ணி கொடுத்ததும் 0.72 சதவிகிதம் ஏறிடுச்சு. மேலே அரை சதவிகிதம்னு பார்த்தோமே... ஒரு வருஷ முதுமையை ஒரு ராத்திரி தாகம் தூக்கிச் சாப்பிட்டுடுச்சு. காலையில எடுத்த ஸ்கேன்ல மூளை சாயங்காலத்தைவிடக் கொஞ்சம் பெரிசா இருக்கும்னும் 2015-ல் பெரிய டேட்டாவை வெச்சுக் காட்டியிருக்காங்க. முதல் வருஷம் எல்லாரையும் காலையில கூப்பிட்டு, அடுத்த வருஷம் சாயங்கால ஸ்லாட்தான் கிடைச்சுதுன்னா, கதை முடிஞ்சுது. ஸ்கேன் ஃபைலோட தலைப்புத் தகவல்லயே எடுத்த நேரம் இருக்கும். அதை ஒரு காலமா எடுத்து வெச்சுக்குங்க.

மூளையோட செயல்பாட்டைப் படம் பிடிக்கிற எஃப்.எம்.ஆர்.ஐ-யிலும் இதே கதைதான். ரஸ்ஸல் போல்ட்ராக்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் 2012-லிருந்து ஒன்றரை வருஷம் தன் மூளையையே நூறு தடவைக்கு மேல ஸ்கேன் பண்ணிக்கிட்டார். செவ்வாய்க்கிழமை வெறும் வயிறு, நோ காபி. வியாழக்கிழமை டிபன், காபி எல்லாம் உண்டு. ரெண்டு கிழமைக்கும் மூளை இணைப்புகள்ல தெளிவாவே வித்தியாசம் தெரிஞ்சுது!

அதே ஃபைல் தகவல்ல இன்னொண்ணும் பாருங்க. ஸ்கேனர் மாடல், அதோட சாஃப்ட்வேர் பதிப்பு, தலையில மாட்டற காயில். ஆஸ்பத்திரிக்காரங்க நடுவுல மெஷினை அப்கிரேடு பண்ணியிருப்பாங்க, யாரும் உங்களுக்குப் போன் பண்ணிச் சொல்ல மாட்டாங்க. கண்டுபிடிக்க ஒரு ஈஸி வழி... எல்லா அளவுகளையும் ஸ்கேன் எடுத்த தேதி வரிசையில ஒரு கிராஃப்பா போடுங்க. ஒரு குறிப்பிட்ட தேதியில எல்லார் மூளையும் படிக்கட்டு இறங்கின மாதிரி குறைஞ்சா, அது மெஷினோட வேலை. நூறு பேருக்கு ஒரே தேதியில முதுமை வராது.

இடது வலது குழப்பம்னு ஒண்ணு இருக்கு. பழைய ஃபைல் வகைகளை மாத்தும்போது இடது மூளை வலது பக்கம் போய் உட்கார்ந்துடும். பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கிறதால கண்ணுக்குத் தெரியாது. இதுக்காகவே சில லேப்கள்ல ஸ்கேன் எடுக்கும்போது நெத்தியில ஒரு பக்கம் வைட்டமின் ஈ மாத்திரையை ஒட்டி வெப்பாங்க. உள்ளே எண்ணெய் இருக்கிறதால படத்துல பளிச்சுனு தெரியும். நூறு ரூபாய்க்குள்ள முடியற டெக்னாலஜி!

ஒரிஜினலும் ஜெராக்ஸும்

இதெல்லாம் சரியா இருக்கு, இன்னும் மூணு சதவிகிதம் போகலையா? இப்ப ஆட்டத்தோட முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். இங்கே தப்பு மெஷின்ல இல்லை, நோயாளிகிட்ட இல்லை, நம்ம லாஜிக்ல இருக்கு.

ரெண்டு ஸ்கேனை ஒப்பிடணும்னா முதல்ல ஒண்ணு மேல ஒண்ணு பொருத்தணும். பொதுவா என்ன தோணும்? 'முதல் ஸ்கேன் அப்படியே இருக்கட்டும், ரெண்டாவதைத் திருப்பி, நகர்த்தி அதுக்கு மேல உட்கார வெப்போம்.' ரொம்ப நியாயமாத்தான் தெரியும். ஆனா ஒரு படத்தைத் திருப்பி நகர்த்தினா, ஒவ்வொரு புள்ளியையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளை வெச்சுத் திரும்பக் கணக்குப் போடணும். அப்ப படம் லேசா மங்கிடும். முதல் ஸ்கேன் ஒரிஜினல் மார்க் ஷீட் மாதிரி பளிச்சுனு இருக்கு, ரெண்டாவது ஜெராக்ஸ் மாதிரி ஆயிடுது. ஓரம் மங்கின படத்துல மூளையோட எல்லை வேற இடத்துல தெரியும். நீங்க அளக்கிறது ஒரு வருஷத்து மாற்றம் இல்லை... ஒரிஜினலுக்கும் ஜெராக்ஸுக்கும் உள்ள வித்தியாசம்!

இது காலேஜ் புராஜெக்ட் தப்புனு நினைச்சுடாதீங்க. அமெரிக்காவுல 2004-ல் ஆரம்பிச்ச 'அட்னி'ங்கிற மாபெரும் அல்சைமர் ஆய்வு இருக்கு. அந்த ஸ்கேன்களை வெச்சு லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு மூளை சுருங்கற வேகத்தைக் கணக்குப் போட்டுச்சு. அவங்க முறைப்படி பார்த்தா ஒரு புது மருந்தைச் சோதிக்க ரொம்பக் கம்மியான நோயாளிகளே போதும்னு வந்துச்சு. எல்லாருக்கும் சந்தோஷம்.

2011-ல் சான் டியகோவிலிருந்து வெஸ்லி தாம்ப்ஸன், டொமினிக் ஹாலண்ட்னு ரெண்டு பேர் அந்த நம்பர்களை எடுத்து ஒரு சிம்பிள் கேள்வி கேட்டாங்க. ஆறு மாசத்துல இவ்வளவு, ஒரு வருஷத்துல இவ்வளவு, ரெண்டு வருஷத்துல இவ்வளவுன்னு சொல்றீங்க. அந்தப் புள்ளிகளைக் கோட்டால இணைச்சுப் பின்னோக்கி இழுத்தா, பூஜ்யம் நாள்ல பூஜ்யம் மாற்றம்தானே வரணும்? வரலை! முதல் ஆறு மாசத்துக்குள்ளயே தாறுமாறான ஒரு இழப்பு உட்கார்ந்திருந்தது. நோய் இல்லாதவங்களுக்கும்தான். மூளை சுருங்கறதுக்கு முன்னாடியே மென்பொருள் ஒரு முன்பணத்தைப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கு.

இதுல என்ன பெரிய நஷ்டம்னு கேட்கலாம். உயிர் சம்பந்தப்பட்ட நஷ்டம். நூற்றுக்கணக்கான பேர் தேவைப்படற மருந்துச் சோதனையை, தப்பான கணக்கை நம்பிச் சில பத்துப் பேரை வெச்சு நடத்தினா, நல்ல மருந்தும் 'வேலை செய்யலை'னு குப்பைக்குப் போகலாம். ஊசி குத்திக்கிட்டு, வருஷக்கணக்கா நம்பிக்கையோட வந்து போன நோயாளிகளோட உழைப்பும் வீண். லண்டனைச் சேர்ந்த நிக் ஃபாக்ஸ் குழு இதைப் பத்தி அதே வருஷம் ஓர் எச்சரிக்கைக் கட்டுரையே எழுதினாங்க. லாஸ் ஏஞ்சலஸ்காரங்களையும் பாராட்டணும். சண்டைக்குப் போகாம, தங்கள் முறையைத் திருத்தி, அதே 2011-ல் புதுக் கணக்கை வெளியிட்டாங்க.

தீர்வு என்ன? ரெண்டு ஸ்கேனையும் சமமா நடத்தறதுதான். ஒண்ணை இன்னொண்ணு மேல ஏத்தாம, ரெண்டையும் பாதி வழிக்குக் கூட்டிட்டு வர்றது. ரெண்டும் ஜெராக்ஸ் ஆனா பிரச்னை இல்லையே! மூளை ஸ்கேன் உலகத்துல பிரபலமான இலவச சாஃப்ட்வேரான ஃப்ரீசர்ஃபர்ல ராய்ட்டர் குழு இதைத்தான் செஞ்சு வெச்சிருக்காங்க. 2012-ல் கட்டுரையா வந்தது. முதல்ல ஒவ்வொரு ஸ்கேனையும் தனியா ஓட்டணும். அடுத்து, ஒரு ஆளோட எல்லா ஸ்கேனையும் சேர்த்து அவருக்குன்னே ஒரு நடுநிலை மூளை மாதிரி. அதுக்குப் பேர் 'பேஸ்'. கடைசியா அந்த பேஸை வெச்சு ஒவ்வொரு ஸ்கேனையும் திரும்ப அளக்கிறது.

பசங்க மாட்டிக்கிறதும் இங்கேதான். மூணாவது வருஷ ஸ்கேன் புதுசா வரும். 'பழைய பேஸ்தான் இருக்கே, இதை மட்டும் ஓட்டிச் சேர்த்துடலாம்'னு தோணும். கூடாது! பேஸ் செய்யும்போது இல்லாத ஸ்கேன் ஒண்ணு பின்னால வந்து சேர்ந்தா, திரும்ப ஓரவஞ்சனைதான். பேஸை முதல்லேருந்து செஞ்சு எல்லாத்தையும் ஓட்டுங்க. மூளையோட எல்லைக்கோடு தப்பா விழுந்திருந்தாலும் முதல்ல பேஸ்ல என்ன ஆகியிருக்குனு பாருங்க. அங்கே கோணலா இருந்தா கடைசி ஸ்டெப்புக்கும் அதே கோணல்தான் போகும். ஒரே ஒரு ஸ்கேனுக்கு மட்டும் வந்துட்டுக் காணாம போனவங்க இருப்பாங்க. அவங்களையும் இதே வழியில ஓட்டணும்.

நடுவுல சாஃப்ட்வேரை மட்டும் அப்டேட் பண்ணிடாதீங்க, ப்ளீஸ். 2012-ல் எட் க்ரோனென்ஷில்டு குழு அதே ஸ்கேன்களை ஃப்ரீசர்ஃபரோட மூணு வெர்ஷன்ல ஓட்டிப் பார்த்தது. பகுதிகளோட கன அளவு சராசரியா 8.8 சதவிகிதம் மாறுச்சு. வெர்ஷனை விடுங்க, மேக் கம்ப்யூட்டரோட ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாத்தினதுக்கே நம்பர் மாறுச்சு! நாம தேடறது மூணு சொட்டு. ஒரே மெஷின், ஒரே வெர்ஷன், எல்லா வருஷத்து ஸ்கேனும் மொத்தமா. இதுல பேரமே கிடையாது.

கணக்குலயும் கண் வைங்க

இனி ஸ்டாட்டிஸ்டிக்ஸ். இங்கே ரெண்டே விஷயம் சொல்லிட்டு நகர்ந்துடறேன்.

மருந்து சாப்பிட்ட குழுவுல மாற்றம் 'சிக்னிஃபிகன்ட்', சாப்பிடாத குழுவுல இல்லை. அதனால மருந்து வேலை செய்யுது... சரியா? சரியில்லை. ரெண்டு குழுவோட மாற்றத்துக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தை நேரடியா சோதிக்கணும். இதுகூடத் தெரியாதானு கேட்காதீங்க. 2011-ல் ஒரு குழு முன்னணி ஜர்னல்கள்ல வந்த 513 நரம்பியல் கட்டுரைகளைப் புரட்டிப் பார்த்தது. இப்படி ஒப்பிட வேண்டிய இடத்துல 78 கட்டுரைகள் சரியா செஞ்சிருந்தன, 79 தப்பா செஞ்சிருந்தன. ஜஸ்ட் ஒரு மார்க்ல தப்பு ஜெயிச்சுடுச்சு!

இன்னொண்ணு, பாதியில நின்னு போனவங்க. ரொம்ப முடியாம போனவர்தான் ரெண்டாவது ஸ்கேனுக்கு வர மாட்டார். ரெண்டு ஸ்கேனும் இருக்கிறவங்களை மட்டும் வெச்சுக் கணக்குப் போட்டா, நோய் உங்க ஷீட்ல சாதுவாத் தெரியும். கிடைச்ச வரைக்கும் எல்லாரையும், அவங்கவங்க வந்த இடைவெளியோட எடுத்துக்கிற 'மிக்ஸ்டு எஃபெக்ட்ஸ்' மாடலைக் கத்துக்குங்க. ஒரு செமஸ்டர் செலவானாலும் பரவாயில்லை.

எல்லாம் சரியா அளந்த பிறகும் மூளை நம்மளை ஏமாத்தும். அல்சைமருக்கு வந்திருக்கிற அமிலாய்டு எதிர்ப்பு மருந்துகள்ல சிலது மூளை அளவைக் கொஞ்சம் வேகமாவே குறைக்குதுனு 2023-ல் வந்த ஒரு தொகுப்பு ஆய்வு சொல்லுது. அது நஷ்டமா, இல்லை குப்பை வெளியேறின அடையாளமாங்கிறதுல விஞ்ஞானிகளுக்குள்ளேயே இன்னும் விவாதம் ஓடுது. அளவைக் கோட்டைவிட்டா இந்த விவாதத்துக்குள்ள நுழையவே முடியாது.

வீட்டுல ஒரு சோதனை

இதையெல்லாம் படிச்சுட்டு 'எனக்கு யார் சார் ஸ்கேன் தருவாங்க'னு கேட்கறீங்களா? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தோட 'ஓயாசிஸ்' தொகுப்பு இருக்கு. அதுல இரண்டாவது வெளியீடு முழுக்கத் தொடர் ஆய்வு டேட்டா. 60-லிருந்து 96 வயசு வரைக்கும் 150 பேர், 373 தடவை எடுத்த ஸ்கேன். விதிமுறைக்குச் சம்மதம் சொல்லிட்டா இலவசம்.

அதுல ஒரு பொக்கிஷம் ஒளிஞ்சிருக்கு. ஒவ்வொரு தடவை வந்தப்பவும் ஒரே உட்கார்வுல மூணு, நாலு ஸ்கேன் எடுத்து வெச்சிருக்காங்க. பத்து நிமிஷ இடைவெளியில யாருக்கும் மூளை சுருங்காது. அதனால அதுல ரெண்டை எடுத்து, 'முதல் வருஷம்', 'ரெண்டாவது வருஷம்'னு நீங்களே பேர் வெச்சு உங்க முறையில ஓட்டுங்க. பத்து, இருபது பேருக்குச் சராசரி எடுத்தா விடை பூஜ்யத்தை ஒட்டி வரணும். அப்புறம் பேரை மாத்திப் போட்டு, ரெண்டாவதை முதலாவதா ஆக்கி ஓட்டுங்க. முன்னால போனா சுருங்கி, பின்னால போனாலும் சுருங்கினா... திருடன் யாருனு தெரிஞ்சு போச்சு!

ஃப்ரீசர்ஃபர் லினக்ஸ்லயும் மேக்லயும் ஓடும், லைசென்ஸ் சாவி இலவசமா மெயில்ல வரும். ஒரு ஸ்கேனுக்கே மணிக்கணக்கா ஆகும். பவர்கட் ஆகற நேரம் தெரிஞ்சு, யு.பி.எஸ்-ஸை ஒரு தடவை பார்த்துட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓட விட்டுட்டுக் கிளம்புங்க.